டிரங்குப் பெட்டியைத் திறந்து பெயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் கோத்தகிரிக்காரர் ஒருவர், "ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளுக்கு என்ன குறை? கை நிறையப் பென்ஷன், கேன்டீனில் மலிவு விலைச் சரக்கு, மலைமேல் வீடு, சாயங்காலமானால் கிளப்" என்று எழுதியிருந்தார். வீட்டம்மா அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினார், சிரித்துக்கொண்டேதான். பதில் எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை, எழுதிவிடுகிறேன்.

அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. கர்னலுக்கு வீடு திரும்பும் வயது 54. நான் 2008 மே மாதம் திரும்பினேன். கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். 2014 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து கணக்கிட்டு 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' வந்தபின், எனக்குப் பல வருஷம் பிந்தி ஓய்வுபெற்ற கர்னலுக்கும் எனக்கும் இருந்த இடைவெளியும் குறைந்தது. வைத்தியத்துக்கு 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் இருக்கிறது, என் வலது முட்டி அந்தத் தயவில்தான் மடங்குகிறது. இதற்குமேல் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கிளப் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. கோல்ஃப் இரண்டு முறை ஆடிப் பார்த்தேன். இரண்டு பந்தும் புதருக்குள் போய்விட்டன.

நான் இந்த மலையிலேயே பிறந்தவன். அப்பா அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். காற்று அந்தப் பக்கமிருந்து வீசும் நாட்களில், வெலிங்டன் பாரக்ஸில் ஊதும் பியூகிள் எங்கள் குவார்ட்டர்ஸ் வரை கேட்கும். 1964-இல் என்னை அமராவதிநகர் சைனிக் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். அந்தப் பள்ளி தொடங்கியே அப்போது இரண்டு வருஷம்தான். பிறகு கடக்வாஸ்லா தேசிய பாதுகாப்பு அகாதெமியில் மூன்று ஆண்டு, டேராடூன் ராணுவ அகாதெமியில் ஓர் ஆண்டு. 1975 டிசம்பரில் தோளில் ஒற்றை நட்சத்திரத்தோடு மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தேன். 1758-இலிருந்து வரலாறு சொல்லும் படை அது. எங்கள் சிப்பாய்களைப் பட்டாளம் முழுக்கத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். வடக்கே எந்த மூலையில் போய் நின்றாலும், ஒரு சர்தார்ஜியோ கூர்க்காவோ "க்யா தம்பி" என்று கேட்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

முப்பத்திரண்டு வருஷத்தில் பத்தொன்பது வீடு மாறினோம். கறுப்புப் பெயிண்ட் அடித்த டிரங்குப் பெட்டிகள் பதினான்கு. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை எழுத்தில் என் எண், பதவி, பெயர். பதவி உயரும்போதெல்லாம் பழையதை அழித்துப் புதியதை எழுதுவோம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 'கர்னல்' என்ற எழுத்துக்கு அடியில் மேஜரும் கேப்டனும் மங்கலாகத் தெரிவார்கள். பெட்டிகள் இப்போது பரணில் இருக்கின்றன. பழைய இரும்புக்காரர் வாசலுக்கு வந்தாலே வீட்டம்மா கதவைச் சாத்திவிடுவார்.

ஓய்வு பெற்ற முதல் வருஷத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. எண்ணூறு பேருக்கு மலையுச்சியில் மண்ணெண்ணெயும் பருப்பும் போய்ச் சேர ஏற்பாடு செய்தவன், ரேஷன் கடைக்குப் பை எடுத்துப் போக மறந்தேன். கரண்டு பில் எங்கே கட்டுவது என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டேன். "பெரியவரே, லைன்ல வாங்க" என்று ஒரு பெண்மணி அதட்டியபோது, அது என்னைத்தான் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, ஷேவ் செய்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு முடித்துவிட்டு, எங்கும் போக வேண்டியதில்லை என்று உட்கார்ந்திருப்பேன்.

சரி, இது பெரிய துன்பமா? இல்லை. கோத்தகிரி வாசகர் கேள்வியைக் கேட்ட வாசல்தான் தப்பு. என் வீட்டு வாசலில் நின்று கேட்டால் என்ன குறை தெரியும்? நாலு வீடு தள்ளி இருக்கும் சிப்பாயின் வீட்டில் கேட்டிருக்க வேண்டும்.

2022-இல் அக்னிபாத் திட்டம் வருவதற்கு முன் பதினெட்டு வயதில் சேர்ந்த சிப்பாய் முப்பத்தைந்து, நாற்பதுக்குள் வெளியே வந்துவிடுகிறான். பிள்ளை அப்போதுதான் ஐந்தாம் வகுப்பில் இருக்கும். பென்ஷன் உண்டு, ஆனால் சிப்பாய்ச் சம்பளத்தில் பாதி எவ்வளவு இருக்கும்? எனவே ஏதாவது ஒரு ஏ.டி.எம். வாசலில் மறுபடி காக்கி போடுகிறான். இல்லையென்றால் அரை ஏக்கர் தேயிலையை வைத்துக்கொண்டு பசுந்தேயிலை விலை எப்போது ஏறும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒருநாள் திடீரென்று போய்ச் சேருகிறான். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுப் பெண் முதன்முதலாக அவன் பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே இங்கிலீஷிலும் இந்தியிலும் காகிதங்கள். எது எதற்கு என்று அவளுக்குச் சொல்லிவைக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

2010 வாக்கில் எங்கள் தெருவில் இருந்த சுபேதார் ஒருவர் (நான் அவரை 'சாப்' என்பேன், அவர் என்னை 'சார்' என்பார், எங்களுக்குள் அப்படித்தான்) ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "சார், என் தங்கச்சிக்கு ஆறு மாசமா பென்ஷன் வரலை. என்னன்னு பாருங்க." பார்த்தேன். கணவரின் ஆவணத்தில் அந்தம்மாவின் பெயர் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதைச் சரிசெய்து கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். இப்போது மழையில்லாத சனிக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணையில் எட்டுப் பத்துப் பேர் இருப்பார்கள். வீட்டம்மா டீயும் வர்க்கியும் கொடுப்பார். ஒருமுறை காட்டெருமை ஒன்று கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து முட்டைக்கோஸ் பாத்தியில் நின்றுவிட்டது. அது போகும்வரை எல்லோரும் ஹாலுக்குள் உட்கார்ந்து படிவம் எழுதினோம். அன்றைக்குத்தான் அதிக வேலை நடந்தது.

இந்தப் பெயர் விவகாரம் இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். நமக்கு முன்னால் இனிஷியல், அப்புறம் பெயர். பட்டாளத்தில் அது போதாது, முழுப்பெயர் கேட்பார்கள். ஆள் எடுக்கும் இடத்தில் யாரோ ஒரு எழுத்தர் 'கே. முருகன்' என்பதை 'முருகன் கருப்பசாமி' என்று விரித்து எழுதியிருப்பார். அன்றிலிருந்து அவனுக்கு அப்பா பெயரே பின்பெயர். மனைவி 'லட்சுமி' என்றால் ஒரு தாளில் லெட்சுமி, இன்னொன்றில் லக்ஷ்மி, வங்கியில் இனிஷியலோடு லட்சுமி. நாம் தமிழில் எப்படி எழுதினாலும் ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று பெண்கள். பிறந்த தேதி கதை வேறு. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் வாயில் வந்த தேதிதான் பாதிப் பேருக்கு.

மஞ்சூர் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து ஒரு அம்மா வருவார், பஸ் மாறி மாறி. ஹவில்தாரின் விதவை. வருஷா வருஷம் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். அதற்கு விரல் ரேகை வைக்கும் கருவி உண்டு. நாற்பது வருஷமாகத் தேயிலை பறித்த கை அது. கட்டைவிரலில் கறை இருக்கிறது, ரேகை இல்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, கருவியோடு உட்கார்ந்திருந்த பையன் "ஆள் இல்லைன்னு வருதும்மா" என்று சொல்லியிருக்கிறான். அந்தம்மா என்னிடம் வந்து, "நான் இருக்கேனா இல்லையான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க கர்னல் ஐயா" என்றார். இப்போது முகத்தைப் படம் பிடித்தே சான்று கொடுக்கும் வசதி வந்துவிட்டது. 2021 நவம்பரிலேயே வந்தது, பலருக்கு இன்னும் தெரியாது. என் போனிலேயே ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. படமெடுக்கும்போது கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அந்தம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்றாவது தடவைதான் எடுத்துக்கொண்டது.

காகிதம் சிக்கிக்கொள்வது சிப்பாய்க்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். குன்னூரில் வாழ்ந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவை இந்த ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது, சாகும்வரை முழுச் சம்பளம் உண்டு. அவருக்கு அந்தச் சம்பளம் முப்பது வருஷத்துக்கும் மேலாக முழுசாகப் போய்ச் சேரவில்லை. அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது வெலிங்டனுக்கு வந்து அவரைப் பார்த்து, அக்கறை எடுத்துக்கொண்ட பிறகுதான் 2007-இல் சுமார் 1.3 கோடி ரூபாய் நிலுவை வந்தது. 1971 போரை நடத்திய மனிதருக்கே இந்தக் கதி. அதற்கு அடுத்த ஆண்டு, ஜூன் 27-ஆம் தேதி, வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். நான் ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு, உதகைப் பார்சி கல்லறைக்குப் போகும் சாலையோரத்தில் ஊர்ஜனத்தோடு நின்றேன். கை தானாக நெற்றிக்குப் போனது. தலையில் தொப்பி இல்லை என்று நினைவு வந்ததும் இறக்கிவிட்டேன்.

இனி, தூக்கம் வராததற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

1987-இல் நான் மேஜர், ஒரு கம்பெனிக்குத் தலைவன். என் கம்பெனியில் தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். இருபத்து மூன்று வயது. வாலிபால் நன்றாக ஆடுவான். அந்த ஆவணியில் லீவில் போய்க் கல்யாணம் செய்துகொண்டு செப்டம்பர் கடைசியில் திரும்பினான். ஒரு சிப்பாய்க்குக் கல்யாணமானால், அது அவன் பதிவேட்டில் ஏற வேண்டும். 'பார்ட் டூ ஆர்டர்' என்போம். மனைவி பெயர் அதில் வெளியானால்தான் ராணுவத்தைப் பொறுத்தவரை அவள் மனைவி. அவன் ஒழுங்கானவன், வந்த மறுநாளே தாளை எழுதிக் கொடுத்துவிட்டான். அது என் மேசைத் தட்டுக்கு வந்தது. நான் போட வேண்டியது இரண்டு கையெழுத்து. ஆறு நாள் அங்கேயே கிடந்தது. ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு காரணமும் இல்லை. மற்ற தாள்களுக்கு அடியில் இருந்தது, அவ்வளவுதான். ஏழாம் நாள் காலை உத்தரவு வந்தது. சில மணி நேரத்தில் மூட்டை கட்டினோம். இலங்கையில், யாழ்ப்பாணத்துப் பலாலி விமானதளத்தில் இறங்கினோம்.

யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படை இருந்த நாட்களைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. தமிழ் பேசும் அதிகாரியாக அங்கே நின்றவனுக்கு எல்லா இரவும் ஒரே மாதிரி இருக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். ஒரு வீட்டுப் படலையில் நின்ற கிழவி என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்களும் தமிழோ தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் நடந்துவிட்டேன். அது ரெஜிமென்ட்காரர்கள் சொல்லும் தம்பி இல்லை.

நவம்பரில் அந்தப் பையன் போய்விட்டான்.

அவன் ஆவணத்தில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் அம்மா பெயர் மட்டும்தான். மனைவி என்று ஒருத்தி அங்கே இல்லை. அவளுக்கு வயது இருபது. கல்யாணம் நடந்தது கோயிலில், கையில் இருந்தது அர்ச்சனைச் சீட்டு அளவுக்கு ஒரு ரசீது. அவன் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். எத்தனையோ வீடுகளில் இந்த இடத்தில்தான் மாமியாரும் மருமகளும் பிரிவார்கள். அந்த அம்மா பிரியவில்லை. "இவள் என் மருமகள், இவளுக்குத்தான் சேரணும்" என்று ஊர்த் தலைவர் முன்னிலையில் கைநாட்டு வைத்துக் கொடுத்தார். அப்படியும் பதினான்கு மாதம் ஆயிற்று. அந்தப் பதினான்கு மாதமும் அந்தப் பெண் பஞ்சாலைக்குப் போய்தான் மாமியாரையும் பார்த்துக்கொண்டாள்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. போர்க்காலத்தில் காகிதம் பின்தங்குவது சகஜம் என்றார்கள். ஆனால் தாள் பின்தங்கியது போருக்கு முன்னால்.

இன்றும் தீபாவளிக்கு அவன் மனைவி போன் செய்வார். "நீங்க எழுதிக் குடுத்ததாலதான் சார் எல்லாம் வந்துச்சு" என்பார். அந்த ஆறு நாள் அவருக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை. கோத்தகிரி வாசகரின் கடிதத்தில் 'என்ன குறை' என்ற இரண்டு சொல்லைப் பார்த்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தத் தட்டுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஊர்க்காரர் தாளையெல்லாம் பார்க்கிற என் சொந்த பென்ஷன் ஆணையில் வீட்டம்மாவின் பெயரில் ஓர் எழுத்து தப்பு. பதினேழு வருஷமாக நான் பார்க்கவே இல்லை. போன மாதம் ஏதோ தேட எடுத்தபோது அவர்தான் கண்டுபிடித்தார். "சனிக்கிழமை நானும் வந்து வரிசையில உட்காரட்டுமா?" என்றார். திருத்தக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.

ஆகவே ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. டிசம்பர் 7 கொடிநாள். வழக்கம்போல வீரம், தியாகம் என்று ஒரு பக்கம் போடுவீர்கள், போடுங்கள். அதில் அரைப் பத்தி ஒதுக்கி, முன்னாள் படைவீரர் வீடுகளுக்கு இதைத் தமிழில் அச்சிடுங்கள்: இன்று சாயங்காலம் புருஷனும் பெண்சாதியுமாகப் பெட்டியைத் திறந்து உட்காருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆணையையும் எடுங்கள். மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர் எல்லாம் ஆதாரோடும் வங்கிப் புத்தகத்தோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் உயிரோடிருக்கும்போதே திருத்துங்கள். அவர் ஒரு மனு எழுதினால் நடப்பது, அவர் போனபின் அந்த அம்மாவுக்கு ஒரு வருஷ அலைச்சல். பென்ஷன் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும். கணினியில் பதிந்திருக்கும் போன் நம்பர் இப்போது வீட்டில் இருக்கிற நம்பர்தானா என்றும் பாருங்கள். மகன் மாற்றிவிட்ட பழைய சிம்முக்கு ஓடிபி போய்க்கொண்டிருக்கும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையோ, சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ இருந்தால் அதைக் கட்டாயம் பதிந்து வையுங்கள். பெற்றோருக்குப் பின் அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. என் திண்ணைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

ஓய்வுபெற்றவர் இறந்தால், முதல் ஏழு வருஷமோ அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரையிலோ, எது முந்தியோ அதுவரை, கடைசிச் சம்பளத்தில் பாதி வரும். பிறகு முப்பது சதவீதமாகக் குறையும். குறைந்தவுடன் யாரோ ஏமாற்றிவிட்டதாக நினைத்து அழுதுகொண்டு வருகிறார்கள். முன்பே தெரிந்தால் அந்த அழுகையாவது மிச்சம். விதவைக்கான அடையாள அட்டை உதகையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுப்பார்கள். அசலையும் நகலையும் சேர்த்து எடுத்துப் போங்கள். தயவுசெய்து அசலை லேமினேட் செய்யாதீர்கள். அக்கறையில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் திருத்தம் எழுத முடியாது, முத்திரை பதியாது. போன மாதம் பிளேடால் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகத்தின் பிளாஸ்டிக்கை உரிக்க எனக்கு முழுதாக ஒரு மத்தியானம் ஆனது.

கோத்தகிரி வாசகருக்கு என் மேல் கோபம் வேண்டாம். ஒரு சனிக்கிழமை வரட்டும், டீ தருகிறேன். கையெழுத்து நன்றாக இருந்தால் படிவம் நிரப்பவும் ஆள் வேண்டும்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதம் மழை விட்டதும் தேனிக்குப் போகிறேன். அந்தம்மா இதைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன் நான் நேரில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வந்து உங்களுக்கு எழுதுகிறேன். அப்புறம் பெயரோடு போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர்,
அருவங்காடு, நீலகிரி மாவட்டம்.